ஜீடிமெட்லா வேனுக்கு ஒரு பொத்தான்

செவ்வாய், ஜூலை 8. விடாத தூறல்.

வாசலில் அம்மாவின் செருப்பு. ஈரம் சொட்டிக்கொண்டு. இந்த நேரத்தில் ஜீடிமெட்லா மருந்துக் கம்பெனியில் இருக்க வேண்டிய செருப்பு.

உள்ளே அம்மா, முந்தானையால் தலையைத் துடைத்துக்கொண்டு. டிபன் பாக்ஸ் பையிலேயே.

"வேன் வரல?"

"வந்துது. நம்ம பக்கம் திரும்பல. நேரா போயிட்டான்."

"மிஸ்டு கால் குடுத்தியா?"

"குடுத்தேன்டி. போச்சா போவலயான்னு தெரில. அதான் இன்னொரு வாட்டி குடுத்தேன்."

இன்னொரு வாட்டி. தலையில் அடித்துக்கொண்டேன், மனதுக்குள்.

ஒரு மிஸ்டு கால் என்றால் வருகிறேன். இரண்டு என்றால் இன்று இல்லை. வேன்காரர் யாதகிரியின் கணக்கு இது. அல்வால் பக்கத்திலிருந்து மருந்துக் கம்பெனிக்குப் போகும் பெண்கள் எல்லோருக்கும் இதுதான். எங்கள் தெருவிலிருந்து போவது அம்மா ஒருத்திதான். அம்மா இல்லை என்றால் வேன் உள்ளே திரும்பாது. பெரிய ரோட்டிலேயே போய்விடும்.

இது இரண்டாவது தடவை. பேக்கிங் சூப்பர்வைசர் போன வாரமே சொல்லியாயிற்று, சொல்லாமல் மூன்றாவது நாள் நின்றால் கேட்டுக்கு வெளியேயே நின்றுகொள் என்று. அப்பா இல்லை. அண்ணனை அவன் கம்பெனியில் வேலை கொடுக்காமல் உட்கார வைத்திருக்கிறார்கள், அதற்கு "பெஞ்ச்" என்று பேர், எந்த மாதம் எழுப்பி அனுப்புவார்களோ. அம்மா வேலைதான் வேலை.

கோபம்: யாதகிரி மேல். சூப்பர்வைசர் மேல். அம்மாவின் கட்டைவிரல் மேல்.

சாயங்காலம் சல்மா ஆபா வந்தாள். ஆபா என்றால் அக்கா. அம்மாவோடு ஒரே மேஜையில் பேக்கிங். வேனில் அம்மாவுக்கு முந்தின ஸ்டாப்.

"நா சொன்னேன்மா அவனுக்கு, நிறுத்து, அவ நிப்பா அங்கன்னு. ஹவ் ஹவ்னு தலைய ஆட்டறான், வண்டி ஓட்டிக்கினே போறான்." பிறகு என் பக்கம் திரும்பி, "நீ ஒண்ணு செஞ்சியே கம்ப்யூட்டர்ல, பச்சை பொத்தான். எதுக்கு சும்மா வெச்சிருக்கே? முட்டையா, அடைகாக்கறியா?"

நான் தரையைப் பார்த்தேன். ஆபா அங்கேயே யாதகிரிக்கு மிஸ்டு கால் இல்லாமல் நிஜ கால் போட்டாள். அவர் எடுக்கவில்லை. மூன்றாம் தடவை எடுத்தார். கொஞ்சம் தெலுங்கு, கொஞ்சம் இந்தி, நிறைய சத்தம். முடிவு: திங்கள்கிழமையிலிருந்து என் பொத்தானை ஒரு வாரம் பார்ப்பாராம். சரியாக ஓடினால் மிஸ்டு கால் பந்த்.

திங்கள்கிழமை!

புதன், ஜூலை 9. மழை இல்லை, வெயிலும் இல்லை.

காலையில் அம்மா பக்கத்திலேயே நின்றேன். ஒரு மிஸ்டு கால். விரல் இரண்டாவதுக்குப் போனது. போனைப் பிடுங்கிக்கொண்டேன். வேன் வந்தது.

செய்ய வேண்டியது:
பக்கத்தை சர்வரில் ஏற்ற
லிங்க் எல்லோருக்கும்
அம்மா போனில் பழைய போட்டோ அழித்து இடம் பண்ண
மிளகாய்த்தூள்

நான் செய்த வெப் பக்கம் சின்னது. ஒவ்வொருத்தருக்கும் ஒரு பொத்தான். அழுத்தினால் பச்சை, வருகிறேன். திரும்ப அழுத்தினால் சிவப்பு, வரவில்லை. எழுத்து வைக்கவில்லை. வேனில் ஒருத்திக்குத் தெலுங்கு தெரியும், ஒருத்திக்கு உருது, அம்மாவுக்குத் தமிழ். நிறம் எல்லோருக்கும் தெரியும். காலை ஐந்தரைக்கு லிஸ்ட் மூடிக்கொள்ளும், அதன்பின் யாரும் மாற்ற முடியாது. யாதகிரி வண்டி எடுக்கும்போது ஒரு தடவை பார்த்தால் போதும்.

என் லேப்டாப்பில் ஒரு மாதமாக ஒழுங்காக ஓடுகிறது. இன்று சர்வரில் ஏற்றினேன். சர்வர் என்றால் எங்கேயோ இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டர், இலவசம், ஆமை. காத்திருந்தேன். சிவப்பு எழுத்து.

மாட்யூல் நாட் ஃபவுண்ட். ஃப்ளாஸ்க்.

ஃப்ளாஸ்க் இல்லையா? டீ ஊற்றுகிறது இல்லை, வெப் பக்கம் கட்ட யாரோ எழுதி வைத்த ரெடிமேட் சரக்கு. என் பக்கம் முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. வீட்டில் தரை இல்லை என்று சொல்வது மாதிரி.

வீடியோவில் தேடினேன். வேண்டியதன் பேர்களை எல்லாம் ஒரு லிஸ்ட்டாக எழுதிக் கூடவே அனுப்ப வேண்டுமாம். சர்வர் அதைப் பார்த்து வாங்கிக்கொள்ளும். இது எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் எதையும் வாங்கியதே இல்லை. இந்த லேப்டாப் சிகந்திராபாத்தில் பழையது வாங்கியது, ஏதோ கம்பெனி கழித்துக்கட்டியது. முன்னால் வைத்திருந்தவன் பேர் வினோத், எல்லா ஃபோல்டரிலும் அந்தப் பேர்தான். அவன் போட்டு வைத்ததெல்லாம் அப்படியே இருந்தது. நான் கூப்பிட்டதெல்லாம் வந்தது. நான் எழுதும் பைதான் பாஷையோடு பிறந்தவை என்று நினைத்துக்கொண்டேன். அடுத்தவர் சமையலறையில் சமைக்கக் கற்றுக்கொண்டேன் போல, உப்பு எங்கே வாங்குவது என்று தெரியாமலே.

லிஸ்ட்டில் ஃப்ளாஸ்க் என்று எழுதினேன். ஏற்றினேன். காத்திருந்தேன். இப்போது வேறொன்று இல்லை.

எழுதினேன். ஏற்றினேன். இன்னொன்று இல்லை.

எல்லாவற்றையும் ஒரே தடவையில் சொன்னால் என்ன? ஒன்று வாங்கிக் கொடுத்தபின்தான் அடுத்தது ஞாபகம் வருமா? கடைக்கு அனுப்பும்போது கார்த்தி செய்வது இதுதான்.

கார்த்தி என் அண்ணன். இனி கா. என்று மட்டும். முழுப் பேர் எழுத மனம் இல்லை.

மிளகாய்த்தூள் மறந்துவிட்டேன். அம்மா மிளகைத் தட்டிப் போட்டுக்கொண்டாள். அதுவும் கோபம்.

வியாழன், ஜூலை 10. புழுக்கம்.

இன்றைய கண்டுபிடிப்பு: உள்ளே கூப்பிடும் பேர் ஒன்று, வாங்கும்போது சொல்லும் பேர் வேறு. 'டாட்என்வ்' இல்லை என்கிறது. 'டாட்என்வ்' என்றே லிஸ்ட்டில் எழுதினால் வேறெதையோ இழுத்து வந்து அதிலேயே விழுகிறது. முன்னால் 'பைதான்' சேர்த்து எழுத வேண்டுமாம். எந்தப் புண்ணியவான் வைத்த ஏற்பாடு இது? வீட்டில் அம்மு, ரேஷன் கார்டில் வேறு பேர், எனக்கும் அப்படித்தான். ஆனால் நான் யாரையும் இப்படி அலைய வைப்பதில்லை.

லேப்டாப்பில் இருப்பதை எல்லாம் ஒரே கட்டளையில் லிஸ்ட்டாக எடுக்கலாம் என்று மதியம் தெரிந்தது. எடுத்தேன். நீளமோ நீளம். வினோத்துக்கு வேண்டியதெல்லாம். படத்தில் முகம் கண்டுபிடிக்கிற ஒன்று கூட. அப்படியே அனுப்பினேன். சர்வர் பாதி வழியில் ஏதோ பழைய ஒன்றில் இடித்து நின்றது.

அழிச்சிட்டு முதலிலிருந்து.

நெட்டில் கேட்கிற இடம் ஒன்று இருக்கிறது, எரரைப் போட்டால் யாராவது பதில் சொல்வார்கள். போய்ப் பார்த்தேன். ஒரு பையன் கேட்டிருக்கிறான், கீழே பத்துப் பேர் அவனைக் கிண்டல். மூடிவிட்டேன்.

கா. பக்கத்து அறையிலிருந்து, "ஏமே, இன்னும் அந்த வேன் ஆப்பா? கோடி கோடியா கொட்டற யூனிகார்ன் கம்பெனி ஆயிடுச்சா?"

அவன் பேசுவது தெலுங்கில். நான் இங்கே தமிழில் எழுதிக்கொள்கிறேன். வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தது அம்மாவும் நானும்தான். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை, ஞாயிறு லீவில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். கா. ஓடிவிடுவான். இந்த நோட்டு மேஜை மேல் திறந்தே கிடக்கிறது. படிக்கட்டும் பார்க்கலாம்.

கா. ஒரு சோம்பேறி. கா. டீ குடித்த கிளாஸை அந்த இடத்திலேயே வைப்பான். கா.வுக்கு வழுக்கை ஆரம்பம்.

வெள்ளி, ஜூலை 11. மேகம்.

பேனா பேப்பரைக் கிழிக்கிறது. கோபத்தில்.

மதியம் கா. பின்னால் வந்து நின்றான். "காட்டு." காட்டினேன். தப்பு. காட்டியிருக்கக் கூடாது.

"அய்யோ. இது யாரோட பைதான்? பழைய ஓனர் குப்பை மொத்தமும் இருக்கே. அதான் இங்க உனக்கு எதுவும் குறையல, அங்க எல்லாம் குறையுது. மொத்தமா அழிச்சிட்டு புதுசா போடு. அப்போ இங்கயே எல்லா எரரும் வரும். சர்வர் வரைக்கும் போய்ட்டு வர வேணாம்."

யோசிக்கிறேன் என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் தெருவில் தண்ணீர். குடம் பிடிக்க ஓடினேன். பிடித்துவிட்டு வந்தால் அவன் என் நாற்காலியில்.

"செஞ்சிட்டேன். மொத்த குப்பையும் போச்சு. தேங்க்ஸ் சொல்லு."

பார்த்தேன். பைதான் புதுசு. வினோத்தின் ஃபோல்டர்களும் இல்லை. அவன் பழைய வேலைகள், அதைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் எல்லாமே கற்றுக்கொண்டேன். அதுவும் குப்பையோடு குப்பையாக. என் பக்கம் மட்டும் தனி ஃபோல்டரில் இருந்ததால் பிழைத்தது. திறந்தால் என் லேப்டாப்பிலேயே ஓடவில்லை.

"அதுவுமா வேணும்? ஸாரி. சொல்லியிருக்கணும் நீ."

சொல்லியிருக்கணும் நான்.

கத்த வேண்டும். உன்னை யார் தொடச் சொன்னது என்று. இங்கே எழுதும்போது எவ்வளவு சுலபமாக வருகிறது. அப்போது தொண்டையில் ஒன்றும் இல்லை. எனக்கு எப்போதும் இப்படித்தான். ஒன்பதாம் வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னார்கள், புத்தகம் கையில், எழுத்து கண் முன்னால், சத்தம் வரவில்லை. டீச்சர், "பேட்டரி தீர்ந்துபோச்சா?" வகுப்பே சிரித்தது. அரைப்பரீட்சைக்கு அப்புறம் போகவில்லை. யாரும் பெரிதாகக் கேட்கவும் இல்லை.

குடத்தைத் தரையில் வைத்தேன். கொஞ்சம் பலமாக. அவ்வளவுதான் என் சண்டை.

அம்மா வந்ததும், "திங்கக்கெழமக்கி ஆயிடுமா?" ஆயிடும் என்று தலையாட்டினேன். அம்மா கால் இரண்டும் வீங்கியிருக்கிறது. நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை.

சனி, ஜூலை 12. காலையில் வெயில், அதிசயம்.

கா. சொன்னது சரி. இதை எழுதவே பிடிக்கவில்லை.

அழித்துப் புதிதாகப் போட்ட லேப்டாப்பும் சர்வர் மாதிரியே வெறுமை. எது இல்லையோ அது இங்கேயே உடனே கத்துகிறது. வாங்கினேன், லிஸ்ட்டில் எழுதினேன், அடுத்தது. புதனும் வியாழனும் சர்வரோடு செய்தது இன்று இட்லி வேகும் நேரத்தில் முடிந்தது. அவன் சரியாகச் சொல்லித் தொலைத்தான் என்பதுதான் இன்னும் எரிகிறது. கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம்!

எல்லாம் வந்தது, ஒன்றைத் தவிர.

மாட்யூல் நாட் ஃபவுண்ட். வினோத் டூல்ஸ்.

தேடினேன். அப்படி ஒன்று உலகத்திலேயே இல்லை. இருக்காது. வினோத் தனக்காகத் தானே எழுதி இந்த லேப்டாப்பில் மட்டும் வைத்திருந்தது. அவன் பழைய வேலை ஒன்றிலிருந்து பொத்தான் பகுதியை நான் அப்படியே எடுத்திருந்தேன். அதன் தலையில் ஒரே ஒரு வரி, வினோத் டூல்ஸைக் கூப்பிடுகிற வரி. அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டது.

இப்போது கேட்கவும் முடியாது, பார்க்கவும் முடியாது. வினோத், நீ எங்கே இருக்கிறாய்? லேப்டாப்பை விற்கும்போது ஒரு துண்டுச் சீட்டாவது வைத்துவிட்டுப் போனால் என்ன?

கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்த வரியை அழித்தேன்.

எரர் இல்லை.

சர்வரில் ஏற்றினேன். ஆமை நகர்ந்தது. திறந்தது! என் போனில், நிஜமாக, வெளியிலிருந்து. பொத்தானை அழுத்தினேன், பச்சை. வரியே வேண்டியிருக்கவில்லை. சும்மா தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது, இதற்காக ஒரு காலைப் பொழுது போச்சு.

கா.விடம் சொல்லவில்லை. சத்தமாகப் பாத்திரம் தேய்த்தேன், சந்தோஷமாக.

ஞாயிறு, ஜூலை 13. போனாலு, அம்மன் திருவிழா. விடிந்ததிலிருந்து மேளம்.

தெருவெல்லாம் மஞ்சளும் வேப்பிலையும். தலையில் பானையோடு பெண்கள். எங்கள் வீட்டிலும் கூட்டம், வேறு காரணம். சல்மா ஆபா வேன் பெண்கள் நாலு பேரைக் கூட்டி வந்துவிட்டாள், லிங்க் போட்டுக்கொள்ள. எல்லா போனும் என் மடியில்.

"படிக்க ஒண்ணும் இல்லையா?"

"நக்கோ, படிப்பே வேணாம். பச்சை வந்தா வேன் வரும். சிவப்பு வந்தா தூங்கு."

"அப்ப நா தெனமும் சிவப்புதான்."

சிரிப்பு. எனக்கும் வந்தது, மடியைப் பார்த்துக்கொண்டே.

அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். "ஒரே தடவை. பச்சை வந்தா விட்டுடு."

"தெரியும்டி. நேத்து பொறந்தவளா நானு?"

கா.வின் வைஃபையில் தொட்டவுடன் பச்சை. எல்லோரும் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார்கள். அழகாக இருந்தது.

யாதகிரியும் வந்தார், நெற்றி நிறைய மஞ்சள். அவர் போனில் லிஸ்ட்டை வைத்துக் கொடுத்தேன். குனிந்து பார்த்தார். "பாப்பா, இது நம்பலாமா? நம்பி ஒருத்திய விட்டுட்டுப் போனா எனக்குத்தான் திட்டு."

தலையாட்டினேன்.

"பேச மாட்டியா? உங்க அம்மா ரெண்டு பேருக்குச் சேர்த்துப் பேசறாங்க."

கோபம் வந்தது. பேச வேண்டாம் என்றுதானே இந்தப் பொத்தானே செய்தேன், என்று சொல்லியிருக்கலாம். இப்போது தோன்றுகிறது.

நாளை முதல் மிஸ்டு கால் கணக்கில் கிடையாது என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டு போனார்.

திங்கள், ஜூலை 14. மழை.

அம்மா குடையோடு கிளம்பினாள். வீட்டிலேயே அழுத்திவிட்டுப் போ என்றேன். "டீ அடுப்புல இருக்கு, நடந்துக்கினே அழுத்தறேன்."

நான் லேப்டாப் முன்னால். லிஸ்ட்டைப் பார்த்துக்கொண்டே. சல்மா ஆபா பச்சை. இன்னொருத்தி பச்சை. அம்மா பச்சை. கையைத் தட்டினேன், தனியாக.

பச்சை சிவப்பாயிற்று.

அம்மாதான். மழை, தெருமுனையில் நெட் இழுத்திருக்கும். பச்சை வரத் தாமதம். போச்சா போவலயான்னு தெரில, அதான் இன்னொரு வாட்டி. எனக்கு அந்தக் குரலே கேட்டது. இரண்டு மிஸ்டு கால்.

அப்போதுதான் புரிந்தது, அந்த வரி எதற்கு என்று. ஒருத்தரே கொஞ்ச நேரத்துக்குள் இரண்டு தடவை அழுத்தினால் இரண்டாவதை வினோத்தின் வரி விழுங்கியிருக்கிறது. ஒரு மாதமாக. நானும் பரிசோதிக்கும்போது படபடவென்று எத்தனை தடவை தட்டியிருக்கிறேன், ஒரு நாளும் மாறியதில்லை. இந்தப் பொத்தானுக்கு உயிரே அந்த வரிதான். அதைத்தான் அழித்தேன், எரர் போக வேண்டும் என்று.

திரும்பப் பச்சையாக்கப் போனேன். மூடிவிட்டது. ஐந்தரைக்கு மூடு என்று நானே எழுதியது.

யாதகிரிக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. எடுக்க மாட்டார். காலையில் வரும் போன் எதையும் அவர் எடுத்ததே இல்லை. அம்மாவுக்குப் போட்டால் என்ன பிரயோஜனம், அவளால் வேனை வரவழைக்க முடியாது.

மூன்றாவது நாள்.

செருப்பு தேடவில்லை. பின்பக்கச் சந்து வழியாகப் பெரிய ரோட்டுக்கு ஓடினேன். நேற்றைய வேப்பிலையெல்லாம் தண்ணீரில். நைட்டி காலைத் தடுத்தது. சந்து முடியும் இடத்தில் வேனைப் பார்த்தேன், அந்த மஞ்சள் விளக்கு. எங்கள் திருப்பத்துக்கு முன்னால் வேகம் குறைக்கவே இல்லை.

ரோட்டில் இறங்கி நடுவில் நின்றேன். இரண்டு கையும் தூக்கி.

பிரேக். யாதகிரி தலையை வெளியே நீட்டி, "சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?"

"லிஸ்ட் தப்பு!" கத்தினேன். தெலுங்கில், தமிழில், எது வந்ததோ அதில். "தப்பு என்னுது! சிவப்பு இல்ல, பச்சை! எங்கம்மா அங்க மழையில நிக்கறாங்க, திரும்புங்க, இப்பவே திரும்புங்க!"

என் குரல் இவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியாது. டீக்கடையில் எல்லோரும் திரும்பினார்கள். வேன் ஜன்னலில் சல்மா ஆபா, வாய் திறந்தபடி. யாதகிரி என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு ஸ்டியரிங்கை ஒடித்தார்.

அங்கேயே நின்றேன். வேன் உள்ளே போய் வெளியே வந்தது. ஜன்னலோரம் அம்மா. ரோட்டில் என்னைப் பார்த்து ஆச்சரியம், பிறகு ஒரே பெருமை. போனைத் தூக்கிக் காட்டிக் கத்தினாள்.

"வந்துடுச்சிடி! நீ செஞ்சது கரெக்ட்டா வேலை செய்யுது!"

வீட்டுக்கு வந்தேன். கால் கழுவினேன். லேப்டாப்பைத் திறந்து, வினோத்தின் வரி இருந்த இடத்தில் என் வரியை எழுத ஆரம்பித்தேன்.